ஒரு காது கேட்காதவர்களின் மனநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பதினாறு ஆண்டுகளாகச் செவித்திறன் பரிசோதனை செய்துவரும் ஆடியாலஜிஸ்ட். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, பரிசோதனை முடிந்து ஆடியோகிராம் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தவர்கள், கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி நின்று கேட்டவை. காதைப் பற்றி நாற்காலியில் அமர்ந்து கேட்பவர்கள் மனத்தைப் பற்றிக் கதவருகே போய்த்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு காதுதான் நல்லா கேட்குதே, அப்புறம் ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?

ஒன்று பழுதானால் இன்னொன்று உதவட்டும் என்பதற்காகவே நமக்கு இரண்டு காதுகள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும் வேலை ஒன்று உண்டு. வலப்பக்கத்தில் எழும் ஒலி முதலில் வலக் காதை அடைந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கழித்து இடக் காதை அடைகிறது. நடுவே தலை மறைப்பதால் சற்று மெலிந்தும் போகிறது. இந்த இரண்டு வேறுபாடுகளையும் ஒப்பிட்டுத்தான் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மூளை கண்டுகொள்கிறது. கூட்டத்தின் இரைச்சலில் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுப்பதற்கும் இந்த ஒப்பீடு பெரிதும் உதவுகிறது. ஒரு காது போய்விட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

ஆகவே அமைதியான அறையில் ஒருவர் எதிரே அமர்ந்து பேசினால் உங்களுக்குக் குறையே தெரியாது. அதே ஆள் பேருந்து நிலையத்தில் கேட்காத பக்கம் நின்று பேசினால் உதடு அசைவதுதான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்டவருக்கு இப்போது எப்படிக் கேட்காமல் போகும் என்று பிறர் சந்தேகப்படுகிறார்கள். சில நாட்களில் உங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. கேட்காமல் இருப்பதைக் காட்டிலும், கேட்கவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருப்பதுதான் என்னிடம் வந்தவர்களை அதிகம் வாட்டியிருக்கிறது.

இதை ஒரு குறைபாடுன்னு சொல்லலாமா, இல்ல நான்தான் பெருசு பண்றேனா?

சொல்லலாம். நெடுங்காலம் செவித்திறன் இழப்பின் அளவு, நன்றாகக் கேட்கும் காதை வைத்தே வகைப்படுத்தப்பட்டுவந்ததால், ஒரு காது மட்டும் கேட்காதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையில் அவர்களுக்கென ஒரு தனி வகை இருக்கிறது: ஒரு காது கேட்கத் தொடங்கும் ஒலி அளவு 20 டெசிபெல்லுக்குக் கீழே இயல்பாக இருந்து, மற்றொன்றில் 35 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இழப்பு இருந்தால் அது ஒருபக்கச் செவித்திறன் இழப்பு. நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை.

நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து ஒரு காது அடைச்சாப்ல இருக்கு. பயமா இருக்கு. சளியா இருக்குமோ?

இந்தக் கேள்விக்கு மட்டும் மனத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைக்கிறேன். இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மெழுகோ சளியோ காரணமாக இருக்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் உள்காதின் கேட்கும் திறன் திடீரென்று விழுந்துவிடும் நிலை ஒன்று உண்டு, அதுவும் தொடக்கத்தில் வெறும் அடைப்பாகவே தோன்றும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரங்கள் மிக முக்கியம். காதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டும் ஆவி பிடித்துக்கொண்டும் ஒரு மாதத்தைக் கடத்திவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காது போன துயரத்தோடு, நாளைக் கடத்திவிட்டோமே என்ற குற்ற உணர்வும் அவர்களை விட்டுப் போவதில்லை.

ஸ்டீராய்டு சாப்பிட்ட நாள்லேர்ந்து தூக்கமே இல்ல, எதுக்கெடுத்தாலும் அழுகை வருது. இது காதாலயா, மாத்திரையாலயா?

இரண்டாலும் இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுப்பதும், எரிச்சலையும் படபடப்பையும் தருவதும், சிலருக்கு மனநிலையை மேலும் கீழுமாகத் தூக்கிப்போடுவதும் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்து எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள், காலையில் உணவுக்குப் பின் சாப்பிடும்படி நேரத்தை மாற்றித் தந்தாலே சிலருக்குத் தூக்கம் திரும்புகிறது. ஏற்கெனவே மனநலத்துக்காகச் சிகிச்சை பெற்றிருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுவது அவசியம். மாத்திரை முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் இதே நிலை நீடித்தால் அதற்குத் தனியாகக் கவனம் தேவை.

காது போய் மூணு மாசம் ஆச்சு. வீட்ல, 'உயிரா போயிடுச்சு, ஒரு காதுதானே'ங்கிறாங்க. நான் ஏன் இன்னும் அழறேன்?

ஒன்றை இழந்திருக்கிறீர்கள், அதனால் அழுகிறீர்கள். கை ஒடிந்தால் கட்டு தெரிகிறது, கண் போனால் பார்ப்பவர்களுக்கே மனம் பதைக்கிறது. காது வெளியே இருந்தபடியே இருப்பதால், இழப்பு நேர்ந்ததற்கு உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆறுதல் சொல்ல யாரும் வராத துயரம் ஆறுவதற்கு அதிக நாள் எடுக்கும்.

என்னிடம் வந்த ஓர் இளைஞர், வீட்டுக்குள் மணி அடிக்கும் கைப்பேசியைத் தேடி அலமாரி, அடுப்படி, மொட்டை மாடி என்று ஓடியிருக்கிறார். கடைசியில் அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்ததாம். அம்மாவும் தங்கையும் சிரித்தார்கள்; அவரும் சிரித்தார். அன்றிரவு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை என்னிடம் சொன்னபோது, அந்தச் சிரிப்பில் யார் மீதும் தவறில்லை என்பதையும் அவரே சொன்னார். ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போய்விட்டதை வீட்டில் ஒருவருக்காவது புரியவைத்த பிறகுதான் அவருக்கு அது லேசானது.

சாயங்காலம் ஆனா தலை கனத்துப்போய், பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன். எனக்குக் கோபம் அதிகமாயிடுச்சா?

இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன், களைப்பாக இருக்குமோ என்று பாருங்கள். இரண்டு காதும் கேட்பவருக்குக் கேட்பது தானாக நடக்கும் காரியம். உங்களுக்கு அது உழைப்பு. விழுந்த பாதிச் சொல்லை வைத்து மீதியை ஊகிக்கிறீர்கள், உதட்டைப் பார்க்கிறீர்கள், யாராவது கேட்காத பக்கமாக வருகிறார்களா என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், சாலையைக் கடக்கும்போது ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் இரு பக்கமும் பார்க்கிறீர்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் இந்த வேலைக்கு மாலை ஐந்து மணிக்கும் ஓய்வில்லை. கழுத்து வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலரிடம் 'எந்தக் காது?' என்று நான் கேட்க நேர்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து இல்லை. ஆனால் களைப்பைக் குறைக்க வழி உண்டு. அலுவலகத்திலிருந்தோ கடையிலிருந்தோ வீட்டுக்கு வந்ததும் யாரும் பேசாத இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால் வீட்டில் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் நினைப்பார்கள். பேசும்போது தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள். இயர்போனில் பாட்டுக் கேட்பவராக இருந்தால், கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பிரித்து அனுப்பப்படும் இசை அப்போது ஒரே காதில் முழுமையாகக் கிடைக்கும். பாதிப் பாட்டோடு ஓராண்டு இருந்துவிட்டு, இதைச் செய்த அன்று கண் கலங்கியவர்கள் உண்டு.

கல்யாணம் காதுகுத்துன்னாலே போகப் பிடிக்கல. எல்லாரையும் விட்டு ஒதுங்கிடுவேனோன்னு இருக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு தையற்கடைக்கார அம்மாவுக்கு இடக் காது கேட்காது. பெரியம்மா மகள் திருமணத்தில், மேளம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பந்தி நடந்தது. இவருடைய இடப்பக்கம் அமர்ந்திருந்த உறவினர், 'பையன் என்ன படிக்கிறான்?' என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். இவர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 'நாலு காசு வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது' என்று அந்த உறவினர் சொன்னதாக ஒரு மாதம் கழித்து இவருக்குத் தெரிந்தது. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள், எந்த விசேஷமானாலும் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவார்.

விலகுவது முதலில் நிம்மதி தருகிறது, அதனால்தான் ஆபத்தானது. ஒரு விசேஷத்தைத் தவிர்த்தால் அன்றைய பதற்றம் போய்விடுகிறது; அடுத்ததைத் தவிர்ப்பது இன்னும் எளிதாகிறது; இப்படியே ஓராண்டில் அழைப்பு வருவது குறைந்து, 'யாருக்கும் நான் வேண்டாம்' என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனச்சோர்வு பலருக்கு இந்த வழியாகத்தான் நுழைகிறது.

அந்த அம்மாவோடு பேசிப்பேசி நாங்கள் கண்டுபிடித்தது மிகச் சிறிய விஷயம்: பந்தியில் இடக்கோடி இலை. அங்கே அமர்ந்தால் எல்லோரும் அவருடைய நல்ல காதின் பக்கம் வந்துவிடுவார்கள். இப்போது அவருடைய தங்கை முன்னாலேயே போய் அந்த இடத்தைப் பிடித்துவைக்கிறார். ஒலிபெருக்கிக்கு அருகில் உட்காராமல் இருப்பது, முழு நாளுக்குப் பதில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருவது, பெருங்கூட்டமான வரவேற்பை விட்டு மறுநாள் வீட்டுக்கே போய் மணமக்களைப் பார்ப்பது என்று நீங்களும் உங்களுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். போகாமல் இருப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

பின்னால நின்னு சிரிக்கிறவங்க என்னைப் பத்திதான் பேசுறாங்கன்னு தோணுது. எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?

இதை வெளியே சொல்லவே பலருக்குத் துணிவு வருவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோவும் அவருடைய குழுவினரும் நடத்திய ஒரு சோதனை 1981இல் வெளியானது. மனவசியத்தின் மூலம் மாணவர்கள் சிலருக்குத் தற்காலிகமாகக் காது மந்தமாக்கப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தங்கள் காது மந்தமாகியிருப்பது தெரியும். இன்னொரு பிரிவினருக்கு அது மறக்கடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இருவர் பேசிச் சிரித்தபோது, காரணம் தெரியாத பிரிவினரிடம்தான் சந்தேகமும் பகை உணர்வும் கூடின. கேட்காததற்குக் காரணம் தெரிந்தவர்களிடம் அவ்வளவாக இல்லை.

உங்கள் மனத்தில் எழும் ஐயமும் பெரும்பாலும் இந்த வகைதான். சொற்கள் விழாத இடத்தை மனம் தன் பயத்தால் நிரப்பிக்கொள்கிறது. 'அவர்கள் என் கேட்காத பக்கம் நிற்கிறார்கள், அதனால் எனக்கு விழவில்லை' என்று அந்த நொடியில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். முடிந்தால் திரும்பி, 'என்ன, எனக்கும் சொல்லுங்களேன்' என்று கேட்டுவிடுங்கள். ஆனால் யாருமே இல்லாத இடத்தில் குரல் கேட்பது, தீங்கு செய்யச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புவது போன்றவை இருந்தால், அவற்றைக் காதின் கணக்கில் எழுதாமல் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேட்காத காதுக்குள்ளயே ஒரு சத்தம் ஓயாம ஓடுது. கேட்காத காதுல எப்படிச் சத்தம் வரும்?

உள்காதிலிருந்து செய்தி வருவது நின்றதும், கேட்பதற்கான மூளைப் பகுதி அந்த வெறுமையை ஈடுசெய்யத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதாக விளக்குகிறார்கள். வெளியே ஒலி இல்லாதபோதும் உங்களுக்கு ரீங்காரமாகவோ விசிலாகவோ கேட்பது இதனால்தான். இரவில் இது பெரிதாவதற்குச் சுற்றுப்புறம் அடங்கிப்போவதே காரணம். நோய் முற்றுகிறது என்று பொருள் இல்லை.

காதிரைச்சலுக்கும் பதற்றத்துக்கும் இடையில் ஒரு சுழற்சி உண்டு. இரைச்சல் பயத்தைத் தருகிறது, பயம் கவனத்தை அதன் மீதே கட்டிப்போடுகிறது, கவனித்தால் அது இன்னும் உரக்கக் கேட்கிறது. இரைச்சலை முற்றிலும் நிறுத்தும் மாத்திரை இதுவரை இல்லை. அதனால் ஏற்படும் வேதனையைக் குறைப்பதில் நல்ல சான்று உள்ளது சி.பி.டி. எனப்படும் பேச்சு சிகிச்சை. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றிக்கொள்ள அது பயிற்சி தருகிறது. உறங்கப் போகும்போது மின்விசிறியின் ஓசையையோ மெல்லிய மழை ஒலியையோ நல்ல காதுக்குத் துணையாக வைத்துக்கொள்வதும் உதவும்.

இருக்கிற காதும் போயிடுமோன்னு ராத்திரியெல்லாம் பயமா இருக்கு.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஒரு காது கேட்காத பெரியவர்களை நேரில் கண்டு பேசி 2018இல் வெளியிட்ட ஆய்விலும் இந்தப் பயம் முக்கியமாகப் பதிவாகியிருக்கிறது. எனவே நீங்கள் தனியாக இல்லை. பதில் உங்கள் காதின் காரணத்தைப் பொறுத்தது. பொன்னுக்கு வீங்கியால் சிறுவயதில் போன காது, அடுத்த காதை இழுத்துக்கொண்டு போவதில்லை. திடீர் செவித்திறன் இழப்பு மறு காதிலும் வருவது அரிது. உள்காதின் பிறவி அமைப்புக் கோளாறு, தலைச்சுற்றலோடு கேட்கும் திறனும் குறையும் மெனியர் நோய் போன்ற சிலவற்றில் தொடர் கண்காணிப்பு வேண்டும். காரணமே இன்னும் பார்க்கப்படவில்லை என்றால், செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பயத்தைக் குறைப்பதில் தெளிவான பதிலுக்கு இணையாக எதையும் நான் கண்டதில்லை.

நல்ல காதைப் பாதுகாப்பது உங்கள் கையில் இருக்கிறது: பட்டாசுக்கு அருகில் நிற்காதீர்கள், கொண்டை ஊசியை உள்ளே விடாதீர்கள், எந்த மருத்துவர் எந்த மருந்து எழுதினாலும் 'எனக்கு ஒரு காதுதான்' என்று முதலில் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தினமும் கைப்பேசி செயலியில் சோதித்துப் பார்ப்பது பயத்துக்குத்தான் தீனி போடும்.

என் பொண்ணுக்குப் பிறவியிலேர்ந்து ஒரு காது கேட்காது. அவளுக்குப் பழகிப்போச்சுன்னு விட்டுடலாமா?

பழகிவிடுகிறது என்பதாலேயே விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் பெஸ் குழுவினர் 1980களில் ஆராய்ந்த ஒருபக்கக் கேளாமை உள்ள குழந்தைகளில், 35 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகுப்பில் தேங்கியிருந்தார்கள். 'ஒரு காது போதும்' என்று மருத்துவர்களே சொல்லிவந்த காலம் அது. பிறவியிலேயே இப்படி உள்ள குழந்தைக்குத் தான் எதைத் தவறவிடுகிறோம் என்பது தெரியாது. ஆசிரியர் சொன்னது விழாதபோது, 'நான் மக்கு' என்ற முடிவுக்கு வந்துவிடும். இந்த எண்ணத்தை நாற்பது வயதிலும் சுமந்துகொண்டிருப்பவர்களை நான் பார்க்கிறேன்.

வகுப்பில் நல்ல காது ஆசிரியரையும் பெரும்பாலான மாணவர்களையும் பார்க்கும்படி, கேட்காத காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி, முன் வரிசையில் இடம் கேளுங்கள். கண்ணாமூச்சியில் குரல் வந்த திசை தெரியாமல் அவள் தோற்றுக்கொண்டே இருந்தால், அதன் காரணத்தை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

ஆபீஸ்ல, மாப்பிள்ளை வீட்ல எல்லாம் சொல்லணுமா? சொன்னா 'செவிடு'ன்னு பேர் வந்துடாதா?

யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை, அதில் நான் கட்டாயப்படுத்த மாட்டேன். என் கருத்து எதுவென்றால், மறைப்பதற்கு ஆகும் செலவை நீங்கள் குறைத்துக் கணக்கிடுகிறீர்கள். மறைப்பவர் புரியாததற்கும் தலையாட்டுகிறார், தவறான இடத்தில் சிரிக்கிறார், பதில் சொல்லாமல் போகிறார். ஊர் அதற்குக் 'கர்வம்', 'மந்தம்', 'அலட்சியம்' என்று பெயர் வைக்கிறது. தையற்கடை அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

திருமணப் பேச்சில், மண வாழ்க்கையைப் பங்கிட்டுக்கொள்ளப் போகிறவரிடம் முன்பே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. ஒரே வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் இதை மறைக்க முடியாது, மறைத்தது தெரியவந்தால் பேச்சு காதைப் பற்றி இருக்காது, நம்பிக்கையைப் பற்றியே இருக்கும். அலுவலகத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை. 'எனக்கு இடக் காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்கள்' என்ற ஒரு வாக்கியம் போதும். முதல் பத்து முறை தொண்டை அடைக்கும். வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பழகுங்கள்.

மிஷின் வச்சா மனசு சரியாயிடுமா?

ஓரளவு. கேட்காத பக்கத்து ஒலியை ஒலிவாங்கி மூலம் நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவி, மண்டை எலும்பின் வழியே அனுப்பும் கருவி ஆகியவற்றால் அந்தப் பக்கம் பேசுபவரைத் தவறவிடும் பதற்றம் குறையும். ஆனால் கேட்பது இப்போதும் ஒரே காது என்பதால் திசை அறியும் திறன் திரும்பாது. அறுவை சிகிச்சை மூலம் உள்காதில் பொருத்தப்படும் காக்ளியர் இம்ப்ளாண்ட், கேட்காத காதையே மீண்டும் வேலை செய்யவைக்கும் முயற்சி. அமெரிக்காவில் 2019இல், 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் ஒருபக்கக் கேளாமைக்கு அதைப் பொருத்த ஒப்புதல் தரப்பட்டது. பலருக்குக் காதிரைச்சலும் அதனால் குறைந்திருக்கிறது. செலவு அதிகம், செவி நரம்பு இருக்க வேண்டும், காது போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் பலன் குறையலாம். எந்தக் கருவியானாலும் சில வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்க முடியுமா என்று கேளுங்கள். கருவி உதவவில்லை என்ற ஏமாற்றம் இன்னொரு இழப்பாக மாறிவிடக் கூடாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

சலுகைகளுக்கு வேண்டிய 40 விழுக்காட்டுக் குறைபாடு, ஒரு காதை மட்டும் வைத்துக் கிடைக்காது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் இழப்பு இருப்பதையே வரையறையாகக் கொள்கிறது. இந்த வருத்தம் நியாயமானது. 'அரசுக் கணக்கிலும் நான் இல்லை' என்று ஒருவர் சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

எப்போ மனநல டாக்டரைப் பார்க்கணும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், வேலைக்குப் போக முடியாத அளவு பதற்றம் இருந்தால் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஆடியோகிராமையும் எடுத்துச் செல்லுங்கள். அறைக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் அமர வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நல்ல காதைத் தலையணையில அழுத்திப் படுத்தா உலகமே அடங்கிடுது. அந்த நிம்மதி எனக்குப் பிடிச்சிருக்கு. அது தப்பா?

தவறே இல்லை. நாள் முழுதும் உழைத்த காதுக்கு அது ஓய்வு. கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு மட்டும் இதே அமைதி அச்சமாகிவிடுகிறது. குழந்தை அழுவது கேட்காமல் போய்விடுமோ என்று இரவெல்லாம் புரளாமல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தேன் என்று ஒருவர் சொன்னார். குழந்தையின் மீது ஒரு கை இருக்கும்படி தொட்டிலை நெருக்கிப் போட்டுக்கொண்டு, கணவரோடு முறை வைத்து விழித்திருக்க ஏற்பாடு செய்த பிறகு, தன்னுடைய முறை இல்லாத இரவுகளில் அவர் மறுபடியும் நல்ல காதை அழுத்தித் தூங்கத் தொடங்கினார்.